நடுப்பக்கத்துக் கதை

என் அப்பா குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவர். ஊருக்கெல்லாம் அவர் பென்சில் மாமா. கண்ணில் படுகிற பிள்ளைகளுக்கெல்லாம் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சில் எடுத்துக் கொடுப்பார், அதனால் வந்த பெயர். எனக்குக் கொடுத்ததில்லை. வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு, வீட்டில்தான் டப்பா டப்பாவாகக் கிடக்கிறதே என்பார். எண்பத்து நாலு வயதாகிறது. காது மந்தம். ஞாபகம் மட்டும் கத்தி மாதிரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, பாவம் வயசானவர், மறந்திருப்பார் என்று எனக்குச் சமாதானம் சொல்லக் கூடாது.

போன வருஷக் கடைசியில் ஒரு பதிப்பாளர் அம்மாள் வீடு தேடி வந்தார். அப்பாவின் கதைகளையெல்லாம் ஒரே புத்தகமாகப் போட வேண்டுமாம். இதுவரை புத்தகத்தில் வராமல் பழைய பத்திரிகைகளோடு போய்விட்டவற்றையும் தேடிச் சேர்க்க வேண்டுமாம். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மொத்தம் நாற்பத்திரண்டு என்றார். தலைப்பு, பத்திரிகை, வருஷம், மாதம் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். முப்பத்தொன்று அவரே வெட்டி ஒட்டிவைத்த நோட்டுகளில் இருந்தன. மீதிப் பதினொன்றைக் கறையான் தின்றுவிட்டது. "அதையெல்லாம் இவ தேடிப் பிடிச்சிருவா," என்று என் பக்கம் கையைக் காட்டினார். கேட்கவில்லை, கையைக் காட்டினார்.

எனக்கு வேறு வேலை இல்லாமல் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்புறம் ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஆய்வேடு, அழைப்பிதழ், வாடகைப் பத்திரம், மனு, எது வந்தாலும் தாளில் இருப்பதை இருக்கிறபடியே அடித்துக் கொடுப்பேன். ஓர் எழுத்தைக்கூட நானாக மாற்ற மாட்டேன். தப்பாகத் தெரிந்தால் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக் கேட்பேன், திருத்துவதும் விடுவதும் அவர்கள் பாடு. முப்பது வருஷமாக இப்படித்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று தெருவே சொல்லும். ஆனால் அடித்துக் கொடுத்த தாளில் குறை சொன்னவர்கள் கிடையாது.

சனிக்கிழமை தோறும் கடையைப் பூட்டிவிட்டு நூலகம் நூலகமாக ஏறி இறங்கினேன். பதினொரு கதைகளும் ஒரே வாரப் பத்திரிகையில் வந்தவை. அந்தப் பத்திரிகையின் நடுவில் பிள்ளைகளுக்கென்று எட்டுப் பக்க இணைப்பு ஒன்று மஞ்சள் தாளில் வரும். மேலே, 'பின்னை நெம்பி எடுத்துச் சேர்த்து வையுங்கள்' என்று போட்டிருப்பார்கள். முதல் நூலகத்தில் ஆறாறு மாதமாகச் சேர்த்து பைண்டு செய்த தொகுதிகள் வரிசையாக நின்றன. எனக்கு ஒரே சந்தோஷம். தூக்க முடியாமல் தூக்கி மேஜையில் வைத்துப் புரட்டினால், மஞ்சள் தாள் ஒன்றைக்கூடக் காணோம்.

"பக்கம் எதுவும் மிஸ் ஆகலையே மேடம்," என்றார் அங்கிருந்த உதவியாளர். "முப்பத்திரண்டுக்கு அடுத்தது முப்பத்துமூணு இருக்கு பாருங்க. கரெக்டா இருக்கே."

கரெக்டாகத்தான் இருந்தது. இணைப்புக்கு ஒன்று முதல் எட்டு வரை தனியாகப் பக்க எண். அதை உருவிவிட்டால் யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. ஒவ்வொரு இதழின் நடுவிலும் பின் குத்திய ஓட்டைகள் மட்டும் இருந்தன. இரண்டாவது நூலகத்திலும் அதே கதை, மூன்றாவதிலும் அதே கதை. மூன்றாவதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே நூலகராக இருந்த பெண்மணியிடம், "மூணு லைப்ரரியில ஒரு இடத்துலகூடவா பிள்ளைங்க பக்கம் இல்லாமப் போகும்? அப்படி என்ன பாவம் பண்ணினாங்க பிள்ளைங்க?" என்று சத்தம் போட்டேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பழைய கோப்பை எடுத்துக் காட்டினார். பைண்டிங்குக்கு அனுப்பும்போது, 'இணைப்புகளை நீக்கியபின் தைக்கவும்' என்று அந்தக் காலத்து உத்தரவு. இணைப்போடு தைத்தால் தொகுதி தடித்துப்போய் அலமாரியில் நிற்காதாம். "மூணு லைப்ரரிக்கும் ஒரே பைண்டர்தான் தெச்சார். இன்னும் இருக்கார். வேணும்னா அட்ரஸ் தர்றேன்," என்றார்.

அதற்குள் நான் இன்னொன்றைப் பார்த்திருந்தேன். தேடியது கிடைக்காத எரிச்சலில், வாசகர் கடிதங்களை வாசித்துக்கொண்டே பக்கம் புரட்டிய நேரம் அது. ஓர் அம்மாள் எழுதியிருந்தார். 'சென்ற இதழ் நடுப்பக்கத்தில் "நீலக் கை" கதை படித்தோம். அந்த ஆசிரியர் எழுந்து நின்று பேசும் இடத்தில் என் மகள் கைதட்டினாள். எழுதியவருக்கு எங்கள் வணக்கம்.' அடியில் ஆசிரியர் குழு குறிப்பில், கதையை எழுதியவர் என்று என் அப்பாவின் பெயர் இருந்தது.

அப்பா ஒப்பித்த நாற்பத்திரண்டில் 'நீலக் கை' கிடையாது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். துவைத்து மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"அப்படி ஒரு கதையே இல்ல."

"உங்க பேரு போட்டிருக்குப்பா."

"வேற யார் கதைக்காவது தப்பா போட்டிருப்பான். விடு. பதினொண்ணைத் தேடச் சொன்னா பன்னெண்டாவதைத் தேடிக்கிட்டு."

நினைவில்லை என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றார். அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கடிதம் வந்த மாதத்துக்கு உரிய இடத்தில் ஒரு தாள் அடியோடு கிழிக்கப்பட்டிருந்தது. கறையான் அத்தனை நேராகக் கிழிக்காது.

அந்தத் தலைப்பை நான் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். எனக்கு ஒன்பது வயதில் நடந்தது. நான் படித்த பள்ளியில்தான் அப்பாவும் ஆசிரியராக இருந்தார். பள்ளி இன்ஸ்பெக்டர் வருவதற்கு முதல் நாள், தலைமையாசிரியர் மேஜையில் இருந்த வருகைப் பதிவேட்டின் மேல் யாரோ ஒரு புட்டி நீல மசியைக் கவிழ்த்துவிட்டார்கள். எங்கள் வகுப்பில் மசிக்கூடுகளுக்கு மசி ஊற்றுவது என் வேலை. அலமாரிச் சாவி என்னிடம்தான் இருக்கும். என் விரல்களில் எப்போதும் நீலம் இருக்கும். அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. நான் செய்யவில்லை என்று வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன், தலைமையாசிரியரிடம் சொன்னேன், அன்று வீட்டில் அப்பாவிடம் தொண்டை வறளச் சொன்னேன். மறுநாள் காலைக் கூட்டத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால் அப்பா என் தோளைப் பிடித்து நிறுத்தி, "மன்னிப்புக் கேளு," என்றார். கேட்டேன்.

அன்றிலிருந்து நான் 'இங்க் புட்டி'. பள்ளி முடியும் வரை அதுதான் பெயர். அண்ணன் இன்றுவரை போனில் அப்படித்தான் கூப்பிடுகிறான், ஏதோ செல்லப் பெயர் மாதிரி. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்ததும் அவன்தான்.

அடுத்த வருஷம் அப்பாவின் கதை ஒன்று பாடப்புத்தகத்தில் வந்தது. 'உண்மை பேசிய சிறுமி'. மசியைக் கொட்டிவிட்டு மறைத்த ஒரு சிறுமி, ஆசிரியரின் அறிவுரையால் மனம் திருந்தி, எல்லோர் முன்னாலும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள். தலைமையாசிரியர் அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறார். இருபத்தாறு வருஷம் அது பாடமாக இருந்தது. என் மகள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தாள். 'சிறுமி எவ்வாறு மனம் திருந்தினாள்? ஐந்து வரிகளில் விடை தருக.' புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடை சரியா என்று பார்த்தது நான்தான். அப்பாவைப் பள்ளிக்கூடங்களுக்கு அழைத்தால் கடைசிப் பத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். கைதட்டு கூரையைப் பிய்க்கும்.

இத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். அப்பா என்னை நம்பவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நான்தான் செய்தேன் என்று மனசார நினைத்திருக்கிறார், அப்படி நினைத்ததால் மன்னிப்புக் கேட்க வைத்தார். தப்பாக நினைத்தார். மனுஷன் தப்பாக நினைக்கக்கூடியவன்தானே.

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தத் தலைமையாசிரியரின் மகன் என் கடைக்கு வந்தான். என் வகுப்பில் படித்தவன்தான். மகள் கல்யாண அழைப்பிதழ் அடிக்க வந்தவன், என்னை அடையாளம் கண்டுகொண்டு, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "அன்னைக்கு இங்க்கைக் கொட்டினது நான்தான் தெரியுமா? சட்டையெல்லாம் நீலம். பின்பக்கக் குழாயில மண்ணைப் போட்டுக் கையைத் தேச்சேன், போகல. சட்டையைக் கழட்டி உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டுக்கிட்டேன். சாயங்காலம் வரைக்கும் அப்படியே சுத்தினேன், ஒருத்தர்கூடப் பாக்கல!" என்றான். ஆனாலும் அவன் அழைப்பிதழை ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தேன். அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம், அவன்தானாம்ப்பா, என்று மட்டும் சொன்னேன். அப்பா முகம் சுருங்கிப்போனது. "பழசையெல்லாம் எதுக்குக் கிளறுற?" என்றார். தப்பாக நினைத்துவிட்டோமே என்று மனுஷன் வருத்தப்படுகிறார் என்று நினைத்து, நான், கேளுங்கள், நான் அவருக்குச் சமாதானம் சொன்னேன். "தெரியாம நடந்ததுதானேப்பா, விடுங்க," என்றேன்.

பைண்டர் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே குடியிருந்தார். படியேறி மூச்சு வாங்க நின்று, "மூணு லைப்ரரி பத்திரிகையையும் நடுவுல உருவின மகானுபாவர் நீங்கதானா?" என்றேன்.

"உருவச் சொன்னாங்க, உருவினேன்," என்றார் அவர், பனியனைச் சரி செய்துகொண்டே. "உள்ள வாங்க."

"உருவினதை என்ன பண்ணினீங்க?"

"குப்பையிலயா போட முடியும்? எனக்கு மூணு பொண்ணுங்க."

பரணிலிருந்து ஏழு தொகுதிகளை இறக்கினார். மஞ்சள் தாள்களை வாரம் பிசகாமல் அடுக்கி, நூலகத்துக்குப் போட்ட அதே கனத்த துணியில் அட்டை போட்டுத் தைத்திருந்தார். ஓரங்கள் எல்லாம் விரல் பட்டுக் கருத்திருந்தன. கதைப் படங்களில் இருந்த ராஜாக்களுக்கெல்லாம் யாரோ கலர் குச்சியால் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அடித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றேன். "வேண்டாம்மா," என்றார். "நானும் சும்மா பாத்துட்டுக் குடுத்துடலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன்." எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் மேஜையிலேயே உட்கார்ந்து போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். மதியத்துக்குள் பதினொன்றும் கிடைத்துவிட்டன.

பிறகு 'நீலக் கை' வந்த மாதத்தைத் திறந்தேன். இதழின் தேதியைப் பார்த்தேன். நான் மன்னிப்புக் கேட்டதற்குச் சரியாக மூன்று வாரம் கழித்து.

முதல் பாதியில் பாடப்புத்தகத்துக்கும் இதற்கும் ஒரு வரிகூட வித்தியாசமில்லை. அதே பள்ளிக்கூடம், அதே மேஜை, அதே பதிவேடு. பிறகு ஓர் ஆசிரியர் மாடியில் ஓவிய அறையின் ஜன்னல் பக்கம் வருகிறார். கீழே, குழாயடியில் ஒரு பையன் கையில் மண்ணைப் போட்டுத் தேய்க்கிறான். நீலம் போகவில்லை. பையன் சட்டையைக் கழற்றுகிறான். 'உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டான். கழுத்துப்பட்டையில் தையல்காரன் வைத்த சீட்டு வெளியே தொங்கியது.'

அந்தச் சீட்டைப் பற்றி அவன் என்னிடம்கூடச் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது. மேலேயிருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கதையில் மாலைக் கூட்டம் நடக்கிறது. மசி ஊற்றும் சிறுமியை முன்னால் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். அவள் வாயைத் திறக்காமல் நிற்கிறாள். '"நான் பார்த்தேன்," என்றார் ஆசிரியர். எல்லோரும் திரும்பினார்கள். "இந்தக் குழந்தை ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பவனைக் கேளுங்கள்."'

எனக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சுட்டது. பைண்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, பக்கம் கிழிஞ்சிருக்கா?" என்றார்.

"இல்ல. முழுசா இருக்கு."

"ஓ, இந்தக் கதையா? என் சின்னப் பொண்ணுக்கு இதுன்னா உசிரு. அந்த வாத்தியார் பேசுற இடம் வந்தா இவளும் எழுந்து நின்னுருவா. இப்படி ஒரு வாத்தியார் நமக்குக் கிடைச்சா எப்படி இருக்கும்ப்பான்னு கேப்பா."

அந்த வாத்தியார் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார், மூன்று வேளையும் நான்தான் தட்டு வைக்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு படியிறங்கினேன். தெருவில் நடந்தபோது எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

தெரியாமல் செய்தார் என்றுதானே நாற்பத்தெட்டு வருஷம் தாங்கினேன்? பார்த்திருக்கிறார். ஜன்னலில் நின்று, அந்தப் பையனின் கழுத்தில் தொங்கிய சீட்டு வரைக்கும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். மூன்று வாரத்துக்குள், மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு, ஊரார் பிள்ளைகளெல்லாம் கைதட்டும்படி அவரே எழுந்து நின்று பேசுவதுபோல எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு, நான் படித்துவிடக் கூடாதென்று எங்கள் வீட்டுக்கு வந்த இதழின் நடுப்பக்கத்தை உருவியிருக்கிறார், பிறகு நோட்டில் ஒட்டியதையும் கிழித்து எறிந்திருக்கிறார். எனக்காக ஒருவர் எழுந்து நின்றார் என்பது ஊரில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது.

கடைக்குப் போய் 'நீலக் கை'யை அடித்தேன். ஓரிடத்தில் ஒரு கால்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதையும் சேர்க்கவில்லை. அப்பா கண்ணுக்குத் தெரியும்படி பெரிய எழுத்தில் நான்கு தாள் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. பார்த்தேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும்.

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தின் அட்டைக்கு வந்திருந்த படத்தை ரசித்துக்கொண்டிருந்தார். தாள்களை அதன் மேல் வைத்தேன். தலைப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்க கிடைச்சுது?"

"இல்லாத கதை எங்கப்பா கிடைக்கும்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுவும் அதுவும் ஒண்ணுதான்மா. முதல்ல இப்படி எழுதினேன், அப்புறம் திருத்தினேன். எழுதினவன் திருத்தக் கூடாதா?"

"அவன் சட்டையைத் திருப்பிப் போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கற்பனை."

"கழுத்துல சீட்டுத் தொங்கினதும் கற்பனையா?"

அந்த நேரம் பார்த்து அண்ணன் கூப்பிட்டான். தினமும் நாலு மணிக்குக் கூப்பிடுவான். அப்பாவுக்குக் காது கேட்காததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைப்பதுதான் வழக்கம், வைத்தேன்.

"என்ன இங்க் புட்டி, ஃபைலெல்லாம் அனுப்பியாச்சா?" என்றான். "பதிப்பாளர் அம்மா கேக்கறாங்க. 'உண்மை பேசிய சிறுமி'தான் முதல் கதை. அதுல ஒண்ணும் குளறுபடி வேண்டாம், எல்லாருக்கும் தெரிஞ்ச கதை."

"அது போகாது அண்ணா. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு போகுது."

"என்ன பேசற நீ? அப்பா, என்னப்பா சொல்றா இவ?"

அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. மகன் பக்கத்தில் இருப்பதுபோல போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "ஒண்ணுமில்லப்பா. பழைய டிராஃப்ட் ஒண்ணு கிடைச்சிருக்கு. ஹெட்மாஸ்டர் அன்னைக்கே சொன்னார், கதை நல்லா இருக்கு, முடிவை மட்டும் மாத்திக் குடுங்க, புஸ்தகக் கமிட்டியில நான் இருக்கேன், போட்டுடலாம்னு. மாத்தினேன். லட்சம் பிள்ளைங்க படிச்சுது. அதுல என்ன தப்பு?"

ஹெட்மாஸ்டருக்கு முடிவு மட்டும் பிடிக்கவில்லையாம். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "ஒரு தப்பும் இல்ல," என்றேன். "அண்ணனும் கேக்கட்டும். சத்தமா வாசிங்க."

வாசிப்பது என்றால் அப்பாவுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். மேடைக் குரல் வந்தது. முதல் தாள், இரண்டாம் தாள், ஜன்னல், குழாயடி, எல்லாம் அச்சில் இருந்தபடி வந்தன. சட்டை வந்த இடத்தில் கொஞ்சம் வேகமாகப் போனார். மாலைக் கூட்டம் வந்தது. சிறுமி வாயைத் திறக்காமல் நின்றாள். அப்பா தாளைப் பார்த்தபடியே படித்தார்:

"சிறுமியின் கண்களில் நீர் துளிர்த்தது. 'நான்தான் செய்தேன் ஐயா, என்னை மன்னியுங்கள்,' என்றாள். கரவொலி எழுந்தது."

கடைசிச் சொல்லுக்கு அப்புறம் வழக்கம்போல ஒரு நொடி நிறுத்தி, எதிரே ஆள் இருப்பதுபோல நிமிர்ந்து பார்த்தார்.

அவர் என்னை ஏமாற்றவில்லை. கண் தாளில்தான் இருந்தது. வாய் அதுபாட்டுக்குப் பழகிய வழியில் போய்விட்டது.

"அப்படி எழுதியிருக்காப்பா?"

"எழுதினதைத்தானே வாசிச்சேன்?"

"மறுபடி வாசிங்க. அந்த இடத்துலேருந்து."

வாசித்தார். மறுபடியும் சிறுமியின் கண்களில் நீர் துளிர்த்தது. மேஜையில் இருந்த போனுக்குள்ளிருந்து அண்ணன், "நல்லாத்தானே இருக்கு, இதுல என்ன பிரச்சனை உனக்கு?" என்றான். நான் எழுந்து போய் அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த வரியின் கீழே வைத்தேன். பிடித்த வேகத்தில் அவருக்கு வலித்திருக்கும். வலிக்கட்டும் என்றுதான் பிடித்தேன்.

"ஒவ்வொரு வார்த்தையா வாசிங்க. விரல் இருக்கிற இடத்தை மட்டும்."

"எதுக்கும்மா இதெல்லாம்... இதைப் போட்டா ஊர்ல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"இத்தனை வருஷம் என்னைப் பத்தி என்ன நினைச்சாங்களோ, அதுல பாதி நினைப்பாங்க. வாசிங்க."

விரல் நகர்ந்தது. மேடைக் குரல் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக வந்தது.

"நான்... பார்த்தேன்... என்றார்... ஆசிரியர்."

விரல் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த வரிக்குப் போகவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே என் பக்கம் திரும்பினார்.

"நான் பாத்தேன்மா. ஜன்னல்லதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

எனக்குக் கோபம் குறையவில்லை. குறையும் என்று நினைத்திருந்தேன், குறையவில்லை. இன்னும் கூடியது. இதைச் சொல்ல இவ்வளவுதான் ஆகுமென்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே. அவர் என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையைக் கொடுக்கவில்லை. போனை எடுத்து அவர் வாய்க்கு அருகே கொண்டுபோய் வைத்தேன்.

"இங்க சொல்லுங்க," என்றேன். "அண்ணனுக்குக் கேட்டிருக்காது."

அப்பா என்னைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார். நான் போனை விலக்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, போனிடம் சொன்னார். "அவ செய்யலப்பா. நான் பாத்தேன்."

அண்ணன், முதல் தடவையாகக் கிண்டல் இல்லாத குரலில், "என்னப்பா பாத்தீங்க? யாரு செய்யல?" என்றான்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"புத்தகம் வரும் அண்ணா," என்றேன். "முதல் கதை. நீயும் படிச்சுக்கோ."